44ஆம் வட்டையும் அதன் வட்டவிதானைமாரும்

அம்பாறைக் கரையில் யாரோடும் பேச்சைத் தொடங்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: காணியைப் பற்றிக் கேளுங்கள். மருதமுனையில் தறி வைத்திருப்பவர், சம்மாந்துறைப் போடியார், நிந்தவூர் வாத்தியார், சாய்ந்தமருதில் மீன் ஏலம் கூறுகிறவர், எல்லோருக்கும் பொதுவான நோய் அது. எத்தனை ஏக்கர், எந்த வயல் வட்டை, உறுதி இருக்கிறதா, வெறும் பெர்மிட்டா, தண்ணி முதலில் வருமா கடைசியில் வருமா என்று மஃரிபு வரை இழுக்கலாம்.

ஆகவே நானும் ஒரு காணிக் கதையே சொல்கிறேன். இந்த வட்டையில் மண் கிடையாது, வரப்பு கிடையாது. மொத்தம் ஒரு கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 துண்டு. 1981இல் ஒரு சதம்கூட வாங்காமல் கொடுத்தார்கள். 2019இல் அதில் கால்வாசியைச் சுமார் 10 கோடியே 80 இலட்சம் டொலருக்கு விற்றார்கள். கொடுத்தவர், பெற்றவர், விற்றவர் எல்லோருமே ரேடியோப் பைத்தியங்கள், அல்லது அவர்களின் சிநேகிதர்கள்.

இதை நான் முதலில் சொன்னது கல்முனை பசார்ப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஒரு காக்காவிடம். நாலடி அகலக் கடை. உருகிய ஈயத்தின் வாசம், வயிறு பிளந்து கிடக்கும் பெனசோனிக் செட்டுகள், வீட்டுக்காரர் மறந்தேபோன ஒரு வால்வு ரேடியோ. காக்கா ஒரு கையில் சோல்டரிங் அயனும் மறு கையில் பிளேன்டீயுமாக இருப்பார். எந்தக் கையால் எதை வாயில் வைப்பார் என்ற பயம் எனக்கு இன்றும் போகவில்லை.

"ரேடியோவுக்கு என்ன மனெ காணி?" என்று அவர் கேட்டார். அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

இலங்கையில் ரேடியோவே பழைய இரும்பில் பிறந்தது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரர் தந்திக் கந்தோரில் பிரதம பொறியியலாளராக வந்தார். வந்தவர் தந்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். 1920களின் தொடக்கத்தில் தந்திக் கந்தோரின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் தட்டை ஓடவிட்டுக் காற்றில் அனுப்பினார். அனுப்பும் கருவிக்குச் சாமான்? முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து கழற்றியது. கப்பலைத் தாழ்க்கப் புறப்பட்ட இயந்திரத்தின் குடல் கொழும்பில் பாட்டுப் பாடியது. ஹார்ப்பரோடு உள்ளூர் ரேடியோப் பிரியர்களும் சேர்ந்து ஒரு கழகம் வைத்தார்கள். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் கழகத்துச் சாதியினரைத்தான் உலகம் ஹாம் என்று அழைக்கிறது: சொந்தக் காசில் செட்டுக் கட்டி, சொந்த வீட்டுக் கூரையில் கம்பி ஏற்றி, நடுச்சாமத்தில் பிரேசில்காரனோடு காலநிலை பேசுகிறவர்கள். பெண்சாதிமார் இவர்களைப் பற்றிச் சொன்னவற்றை எந்த நாட்டு வரலாறும் பதிவுசெய்யவில்லை.

ஹாம்காரருக்கு அரசாங்கம் ஓர் அழைப்புப் பெயர் கொடுக்கும். சிலோன் காலத்தில் அது விஎஸ்7 என்று தொடங்கியது, பின்பு 4எஸ்7 ஆனது. பெயரோடு இரண்டு கட்டளையும் வரும். காற்றில் இரகசியம் பேசக் கூடாது. காற்றில் வியாபாரம் பேசக் கூடாது.

காக்கா அயனைக் கீழே வைத்துவிட்டார். இரகசியத்தையும் வியாபாரத்தையும் எடுத்துவிட்டால் கல்முனை பசாரில் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

இந்தக் கட்டளையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் அது பெரிய பகிடியாக வரும்.

ரேடியோவில் வாயால் பேசிச் சலித்தவர்கள் கொம்பியூட்டரைப் பேசவிட்டது 1978இல். கனடாவின் மொன்ட்ரியலில் சில ஹாம்காரர் எழுத்துகளைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி ரேடியோவில் அனுப்பிக் காட்டினார்கள். பக்கெட் ரேடியோ என்று அதற்குப் பெயர். கேட்பதற்கு எப்படி இருக்கும் என்றால், பூனையை வாளியில் போட்டு மூடியதுபோல் ஒரு "கிர்ர்ர்". ஒன்றும் பூச்சியமும் இரண்டு சுருதியாக, செக்கனுக்கு 1,200 தடவை. இரண்டாயிரம் எழுத்துள்ள ஒரு கடிதம் போக 13 செக்கன். இன்றைய போனில் எடுத்த மூன்று மெகாபைட் படமொன்றை அதே வேகத்தில் அனுப்பினால் ஐந்தரை மணித்தியாலம் ஆகும். அந்த நேரத்தில் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கண்டிக்கே போய்விடலாம்.

அதுவும் வழியில் யாரும் குறுக்கே பேசாவிட்டால். எல்லோருக்கும் ஒரே அலைவரிசைதான். பேச முன் காது கொடுக்க வேண்டும், அமைதியாக இருந்தால் அனுப்பலாம். கேட்க நல்ல முறைதான். மருதமுனையில் ஒருவர், நிந்தவூரில் ஒருவர், நடுவில் கல்முனையில் ஒருவர் என்று வையுங்கள். கல்முனைக்காரரின் சத்தம் இருவருக்கும் எட்டும், இருவரின் சத்தமும் கல்முனைக்கு எட்டும். மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் மட்டும் ஒன்றுக்கொன்று எட்டாது. மருதமுனைக்காரர் காது கொடுக்கிறார், அமைதி. நிந்தவூர்க்காரரும் காது கொடுக்கிறார், அமைதி. இருவரும் ஒழுக்கமாக ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கல்முனைக்காரரின் காதில் விழுவது இரண்டு பூனை, ஒரு வாளி.

"இது எங்கட ஊர்க் கூட்டம் மாதிரி இரிக்கி" என்றார் காக்கா.

இப்போது காணிக்கு வருவோம். 1981இல் இன்டர்நெட் என்பது சில பல்கலைக்கழகங்களும் அமெரிக்க இராணுவமும் வைத்திருந்த ஒரு தோட்டம். அதன் காணிப் பதிவாளர் ஜோன் போஸ்டல். நீளத் தாடி, காலில் செருப்பு, கையில் எண்களின் பட்டியல். எந்த வலைப்பின்னலுக்கு எந்த முகவரி என்று எழுதிக் கொடுப்பது அவர் பொறுப்பு. கச்சேரி கிடையாது, முத்திரை கிடையாது, நூறு ரூபாவை மடித்து வைக்கத் தேவையில்லை. கலிபோர்னியாவில் பக்கெட் ரேடியோ ரிப்பீட்டர் வைத்திருந்த ஹாங்க் மாக்னஸ்கி என்ற ஹாம்காரர் போய்க் கேட்டார்: எங்கள் ரேடியோக்களுக்கும் ஒருநாள் முகவரி தேவைப்படும், ஒரு துண்டு தாருங்கள்.

கிடைத்தது துண்டு அல்ல. 44 என்ற எண்ணில் தொடங்கும் முழு வட்டை. உலகத்து முகவரிகளில் 256இல் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் பக்கெட் ரேடியோ வைத்திருந்தவர்களை எண்ணி ஒரு பஸ்ஸில் ஏற்றியிருந்தாலும் யன்னலோர சீட்டுக்குச் சண்டை வந்திருக்காது. உறுதி எழுதினார்களா? பட்டியலில் ஒரு வரி. அவ்வளவுதான்.

கல்லோயாத் திட்டத்தில் காணி கிடைத்தவர்களின் வீட்டில் பெர்மிட் கடதாசியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, கட்டிலில் மூத்தம்மாவைப் படுக்கவைத்திருப்பார்கள். 44ஆம் வட்டைக்கு அந்த மூத்தம்மாகூடக் கிடையாது.

வட்டை கிடைத்தாயிற்று. தண்ணி? கொம்பியூட்டரும் ரேடியோவும் இன்டர்நெட்டின் மொழியைப் பேச ஒரு மென்பொருள் வேண்டும். 1980களின் நடுவில் பில் கார்ன் என்ற ஹாம்காரர் அதை எழுதினார். பெயர் வைக்க நேரமில்லையோ என்னவோ, தன் அழைப்புப் பெயரான கேஏ9கியூ என்பதையே அதற்கும் வைத்துவிட்டார். பிள்ளைக்குத் தன் அடையாள அட்டை இலக்கத்தையே பெயராக வைத்த வாப்பா அவர். ஆனால் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. வீட்டு மேசையில் இருந்த சாதாரணக் கொம்பியூட்டர் அதனால் இன்டர்நெட் பேசியது, பல்கலைக்கழகத்து ஆட்கள்கூட இரவல் வாங்கிப் பாவித்தார்கள்.

அடுத்தது வாய்க்கால். ஒவ்வொரு நாட்டுக்கும் பிரதேசத்துக்கும் 44ஆம் வட்டையில் ஒரு கண்டத்தைப் பிரித்தார்கள். அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஓர் இணைப்பாளர், சம்பளமில்லாத ஹாம்காரர். நம் வயல் வட்டைகளுக்கு வட்டவிதானை இருப்பதுபோல. எந்த நாள் யாருக்குத் தண்ணி, துருசு என்ற வாய்க்கால் மதகுகளில் எதை யார் திறப்பது என்று அவர்தான் தீர்ப்பார். ஏச்சு வாங்குவதும் அவர்தான். பிரதேசத்தில் இன்டர்நெட் இணைப்புக் கிடைத்த ஒருவர் தன் அறையில் கொம்பியூட்டரின் ஒரு பக்கம் டெலிபோன் கம்பியையும் மறுபக்கம் ரேடியோவையும் மாட்டிவிட்டால் அதுதான் கேட்வே. துருசு என்று சொன்னால் எங்கள் பக்கம் உடனே விளங்கும்.

துருசுகளுக்கு நடுவில் இருந்ததோ ரேடியோவைக் கேள்விப்படாத இன்டர்நெட். அதற்கு 44 என்றால் ஒரே ஒரு வாசல்தான் தெரியும்: சான் டியாகோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு மெஷின். அதைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் பிரையன் கான்டர் என்ற ஹாம்காரர். வெளியிலிருந்து 44க்கு வரும் பொதியெல்லாம் முதலில் அங்கே போகும். அங்கே ஒரு பட்டியல்: இந்தக் கண்டம் இன்னாருடைய துருசின் பொறுப்பு. பொதியை இன்னொரு பொதிக்குள் போட்டு, மேலே அந்தத் துருசின் முகவரியை எழுதி அனுப்புவார்கள். துருசுக்காரர் மேல் உறையைக் கிழித்து உள்ளே இருப்பதை ரேடியோவில் "கிர்ர்ர்" என்று விடுவார்.

காக்காவுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. எண்பதுகளில் வெளிநாட்டில் இருந்தவர்கள் எங்கள் ஊருக்குக் கடிதம் போட்டது எப்படி? உறையின் மேல் பசாரில் ஒரு கடை முதலாளியின் பெயர். உள்ளே இன்னோர் உறை, அதில் உம்மாவின் பெயர். முதலாளி மேல் உறையைக் கிழிப்பார், உள்ளுறையைக் கடைப் பையனிடம் கொடுப்பார். உள்ளுறையையும் கிழித்த முதலாளிமார் உண்டு. அவர்களைப் பற்றித் தொழில்நுட்ப நூல்கள் வேறு பெயரில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் ஒரு கூத்து. வீட்டு இன்டர்நெட்டிலிருந்து நீங்கள் அடுத்த தெரு ஹாம்காரரின் 44 முகவரிக்கு ஒரு வரி எழுதினால், அது பசிபிக் கரைக்குப் போய், சான் டியாகோவில் உறை மாற்றி, திரும்பிவந்து அடுத்த தெருவில் இறங்கும். கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போக மக்கா வழியாக டிக்கட் எடுத்ததுபோல. உம்ரா நன்மையாவது கிடைக்கும் என்றால் பரவாயில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் ஊரிலும் துருசுகள் முளைத்தன. கொமினிகேஷன் என்று பெயர். கண்ணாடிக் கதவு போட்ட பலகைக் கூடு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், முகத்தை மீட்டரிலும் வாயை ரிசீவரிலும் வைத்தபடி பேசும் மனிதர்கள். ரியாத்திலிருந்து மகள் எடுப்பாள். "உம்மாவக் கூப்பிடுங்க, கால் மணித்தியாலத்துல திரும்ப எடுக்கன்" என்று வைத்துவிடுவாள். கடைப் பையன் சைக்கிளில் பறப்பான். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கூடவே நாலு மாமிமாரும் ஏழெட்டுப் பிள்ளைகளுமாக வந்து சேர்வார். சில நாள் மகள் முந்திவிடுவாள், உம்மா வராவிட்டால் மறுபடி எடுப்பாள். பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பு என்று பக்கெட் ரேடியோக்காரர் எழுதிவைத்த சட்டம் இதுதான். எங்கள் உம்மாமார் அதை எந்தக் கைநூலும் படிக்காமல் நடத்தினார்கள்.

நாட்டில் காசு கட்டினால் இன்டர்நெட் என்ற நிலை 1995இல் வந்தது. வந்தது கொழும்புக்கு. மலைநாட்டில் கொத்மலையில் ஒரு சமூக வானொலி இருந்தது. 1990களின் கடைசியில் யுனெஸ்கோ அங்கே ஒரு வேடிக்கையான காரியம் செய்தது. வானொலி நிலையத்துக்கு இன்டர்நெட் இணைப்பைக் கொடுத்து, ஊர்ச் சனங்களுக்காக அறிவிப்பாளரை உலாவ விட்டது. கேள்வியைத் தபாலில் போடுங்கள், டெலிபோனில் கேளுங்கள். அறிவிப்பாளர் இன்டர்நெட்டில் தேடி, கூட இருக்கும் விஷயம் தெரிந்தவரோடு சேர்ந்து, சனங்களின் பாஷையில் வானொலியில் சொல்வார். உலகத்தில் பலபேர் வந்து பார்த்துப் போய் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: கேட்வே என்ற பெட்டிக்குப் பதில் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். உறையைக் கிழித்தார், வாசித்தார், விளங்காததை விளக்கினார். கடை முதலாளியின் கௌரவமான வடிவம்.

ஹாம்காரரிலும் வாய்ப் பேச்சை விடாதவர்கள் இருந்தார்கள். 1997இல் கனடாவின் டேவிட் கமரூன் ரேடியோக் குரலை இன்டர்நெட் வழியாகத் தூரத்து ரேடியோவுக்கு இணைத்தார். 2002இல் ஜொனதன் டெய்லர் எக்கோலிங்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். கைச் செட்டில் பேசினால் பிரதேசத்துக் கேட்வே அதை இன்டர்நெட்டில் ஏற்றி அடுத்த கண்டத்தில் இன்னொரு கைச் செட்டில் இறக்கும். மூத்த ஹாம்காரர் முகம் சுளித்தார்கள். அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து வராத குரல் ஒரு குரலா? கம்பியில் வந்த சத்தத்தைச் சேர்க்கலாமா? பிறை பார்த்த கதைதான். வெறுங்கண்ணா, கருவியா என்று எங்கள் ஊரில் நடக்காத சண்டையா?

பிறகு 2004 டிசம்பர் 26.

இந்த இடத்தில் பகிடி இல்லை. சுனாமிக்கு இலங்கையில் மிக அதிகமானோரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோடு கரையாக. டெலிபோன் செத்துப்போனது. எங்கள் தெருவுக்குச் செய்தி வந்தது ஓடிவந்தவர்களின் வாயால்தான். தெற்கே ஹம்பாந்தோட்டையில், விக்டர் குணதிலக்கவின் தலைமையில் இலங்கை வானொலிக் கழகத்து ஹாம்காரர் சிற்றலை செட்டோடு போய், அங்கிருந்து கொழும்பில் பிரதமரின் அலுவலகத்துக்கு ஒரு தொடர்பைக் கட்டினார்கள். அந்தமானில் அரிய இடத்திலிருந்து ரேடியோ பேசும் ஆசையில் போய் இறங்கியிருந்த பாரதி பிரசாத், போர்ட் பிளேயரிலிருந்து நாட்கணக்காகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர்களுக்குச் சான் டியாகோ தேவைப்படவில்லை. துருசெல்லாம் உடைந்த நாளில் வாளியால் தண்ணி இறைத்தவர்கள் அவர்கள்.

44ஆம் வட்டையோ அந்தக் காலத்தில் தரிசாகக் கிடந்தது. பக்கெட் ரேடியோவை விட்டுச் சனங்கள் மொடெமுக்கும், மொடெமை விட்டு வேறு பக்கமும் போய்விட்டார்கள். ஒரு கோடியே 67 இலட்சம் துண்டில் விளைந்தது கொஞ்சம். ஆளில்லாத வட்டைக்குள் என்ன வரும்? கட்டாக்காலி மாடுதான். இன்டர்நெட்டில் அலையும் வைரஸ், புழு, யாரையோ தாக்கப்போய்த் தெறித்து வந்த குப்பை எல்லாம் அந்த வெறும் முகவரிகளில் வந்து மேய்ந்தன. சான் டியாகோப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைக் கண்டார்கள். மாட்டைத் துரத்தவில்லை. வரம்பில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார்கள். வலைத் தொலைநோக்கி என்று அதற்கு மரியாதையான பெயர் வைத்தார்கள். 2001இல் கோட் ரெட் என்ற புழு உலகத்தைப் பிடித்தபோது அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்று கண்டுபிடிக்க உதவியவற்றில் அந்த மாட்டுக் கணக்கும் ஒன்று. சும்மா கிடந்ததாலேயே பயன்பட்ட காணி உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

இதற்கிடையில் உலகத்தில் முகவரி தீர்ந்துபோனது. இலவசமாகக் கொடுத்த எண்ணுக்கு விலை வந்தது. 2011இல் ஹாம்காரர் சிலர் இந்த வட்டையைப் பராமரிக்க ஏஆர்டிசி என்று இலாப நோக்கில்லாத நிறுவனம் ஒன்றைக் கலிபோர்னியாவில் பதிந்திருந்தார்கள். பள்ளிவாசல் சொத்துக்கு நம்பிக்கையாளர் சபை இருப்பதுபோல. 2019 ஜூலையில் சபை அறிவித்தது: 44.192இலிருந்து 44.255 வரையுள்ள கண்டத்தை, 41 இலட்சத்துச் சொச்சம் முகவரிகளை, விற்றாயிற்று. விற்று முடிந்த பிறகுதான் ஜமாஅத்துக்குச் சொன்னார்கள். துண்டொன்றுக்கு 25 டொலருக்குக் கொஞ்சம் மேல்.

வாங்கியவர் யார்? அமேசான்.

வியாபாரம் பேசக் கூடாது என்ற காணியை உலகத்தின் ஆகப் பெரிய கடை முதலாளிகளில் ஒருவருக்கு விற்றார்கள். ஹாம்காரர் கொதித்தார்கள். வக்பு செய்த சொத்தை விற்க நீங்கள் யார்? உறுதி யாரின் பெயரில்? 1981இல் கொடுத்தது உலகத்து ஹாம்காரர் எல்லோருக்குமா, கலிபோர்னியாச் சபைக்கா? சபை சொன்ன பதில்: விற்ற கண்டத்தில் யாரும் பெரிதாக விதைக்கவில்லை, மிச்ச முக்கால்வாசி எந்தக் காலத்துக்கும் போதும், காசு முழுவதும் ரேடியோ ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் போகும். போகத்தான் செய்கிறது. எம்.ஐ.டி. மாணவர்களின் ரேடியோக் கழகம் மொட்டைமாடியில் இருக்கும் பெரிய உருண்டைக் கூண்டைத் திருத்தக் கேட்டபோது 16 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். வாய்க்காலின் தலைப்பக்கம் இருப்பவனுக்குத் தண்ணி முந்தி வரும் என்பதைக் கலிபோர்னியாவில் மட்டும் மாற்ற முடியுமா? ஆனால் என் கணக்கில், அநேக நம்பிக்கையாளர் சபைகளைவிட இவர்கள் ஒழுங்கு. வரவையும் செலவையும் வெளியில் காட்டுகிறார்கள். வாசலைப் பல காலம் காத்த கான்டர், விற்பனை நடந்த அதே வருடம் நவம்பரில் மௌத்தானார். அவருக்கு அந்தக் காணியில் ஒரு துண்டுகூடச் சொந்தமில்லை.

காக்கா கணக்குப் பார்த்தார். உலகத்தில் ஹாம்காரர் எத்தனை பேர்? சுமார் 30 இலட்சம் என்கிறார்கள். பத்துக் கோடியே எண்பதை முப்பதால் பிரித்தால் ஆளுக்கு 36 டொலர். சோல்டர் கம்பிச் சுருளை எடுத்து அதன் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். திருப்தி இல்லை.

"மிச்சக் காணி இரிக்கா?"

"இரிக்கி காக்கா. ஒண்டேகால் கோடித் துண்டு."

"அதுல ஒரு துண்டு எழுதலாமா?"

"லைசன்ஸ் வேணும். சோதினை எழுதி ஹாம்காரனா ஆகணும்."

பிளேன்டீயை எடுத்தார். ஆறிப்போயிருந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு வால்வு ரேடியோவின் முதுகைத் திறந்தார்.

"வேலி அடைச்சிரிக்காங்களா?"

"இல்ல."

"அப்ப மாடு பூரத்தானே செய்யும்" என்றார் காக்கா.